கூட்டுப் பிரயாணமும் கூட்டுறவே

ஆண்டுதோறும் நம் சங்கங்களிற் பல, தம் அங்கத்தினரைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்கின்றன. இது போற்றத்தக்க வழக்கம். சங்கத்தின் நிகர லாபத்தில் ஒரு பகுதி கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செல்ல வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் விதித்திருப்பதே, கற்றலின்றிக் கூட்டுறவு இல்லை என்பதற்குச் சான்று. எங்கே போவது, எதைக் காண்பது என்பதைப் பற்றி நிர்வாகக் குழுவினர் பல நாள் ஆராய்கின்றனர். ஆனால், எதில் போவது என்ற கேள்வி எழும்போது மட்டும் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வாடகைக் கார்களுக்கும் வேன்களுக்கும் சொல்லி அனுப்பிவிடுகின்றனர். போகும் இடத்தைத் தீர்மானிப்பதில் காட்டும் அக்கறையைப் போகும் முறையிலும் காட்ட வேண்டும் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, சங்கத்தின் பணம். மற்றொன்று, வானத்தின் நிலை. முதற்காரணத்தை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவதைச் சற்று விரித்துரைப்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவாயிற்றே, இது எப்படி என்று சிலர் ஐயுறலாம். டீசலில் உள்ள கரி, காற்றில் உள்ள பிராணவாயுவோடு கூடுவதால் எடை பெருகுகிறது. இவ்வாறு சேர்ந்த வாயு எளிதில் மறைவதில்லை. யந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன், காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, 2024ஆம் ஆண்டில் 420 பங்கையும் கடந்து நின்றது. பூமியின் வெப்பம் ஏறுவதற்கும், மழை தன் பருவம் தவறுவதற்கும் இதுவே தலையாய காரணம் என்று உலக விஞ்ஞானிகள் ஒருமித்துக் கூறுகின்றனர்.

மழை பருவம் தவறினால் என்ன நேரும் என்பதைக் கொல்லிமலை விவசாயிக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. காப்பிச் செடி பூப்பதற்குக் கோடையின் தொடக்கத்தில் ஒரு மழை வேண்டும். அது வராவிட்டால் மொட்டு கருகும். வேண்டாத நேரத்தில் பெருமழையாக வந்தால் பூ அழுகும். மிளகுக் கொடிக்கும் அவ்வாறே. சரம் பிடிக்கும் வேளையில் மழை விட்டுவிட்டால் மணி குறையும். மண்ணில் நீர் தேங்கிவிட்டால் வாடல் நோய் வேரைப் பற்றும். கீழ்நாட்டு நெசவாளிக்கும் இதில் பங்குண்டு. பாவு நனைந்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும்.

இங்கே ஒரு நேர்மையான ஆட்சேபம் எழும். “மலையில் வாழும் குடியானவன் ஓராண்டில் எரிக்கும் எண்ணெய் எத்தனை லிட்டர்? நகரத்தார் விமானத்தில் பறந்து சேர்த்த கணக்கை, தலைச்சுமையோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனிடமா கேட்பது?” என்பர். இந்த ஆட்சேபத்தை நாம் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறோம். பிரிட்டன் அரசாங்கம் 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பிரயாணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல நெடுந்தூர பஸ் வெளியிடும் வாயு 27 கிராம். ரயில் 35 கிராம். உள்நாட்டு விமானமோ ஏறத்தாழ 246 கிராம். விமானப் பிரயாணம் பஸ் பிரயாணத்தைப் போல் ஒன்பது மடங்கு என்பது இதனால் விளங்கும். ஆகவே, பஸ்ஸில் போகும் மலை மக்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர்கள் இந்நாள்வரை செய்துவருவதே சரியான வழி. சங்கத்தின் பெயரால் புறப்படும்போது அந்தச் சரியான வழியை விட்டு விலக வேண்டாம் என்பதுதான் நம் வேண்டுகோள். சங்கத்துக்கு வந்துபோகும் உத்தியோகஸ்தர்களுக்கும், கூட்டங்களுக்குச் செல்லும் தலைவர்களுக்கும் இது அதிகமாகவே பொருந்தும். சேலத்திலிருந்து சென்னைக்கு 2023ஆம் ஆண்டு அக்டோபரில் மீண்டும் விமானப் போக்குவரத்து தொடங்கிற்று. விமானம் இருக்கிறது என்பதற்காக, ஓர் இரவில் பஸ்ஸோ ரயிலோ கொண்டுசேர்க்கும் ஊருக்குச் சங்கச் செலவில் பறப்பது முறையாகாது.

பொதுவாகப் பேசுவதைவிட, ஒரு பிரயாணத்தையே எடுத்துக்கொண்டு ஆராய்வது நன்று. கொல்லிமலை மிளகு விவசாயிகள் காண வேண்டிய இடங்களுள் கேரளத்தின் பன்னியூர் தலையாயது. கண்ணூர் மாவட்டத்தில் தளிப்பரம்புக்கு அருகே 1952ஆம் ஆண்டில் அங்கு ஒரு மிளகு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. உலகின் முதற் கலப்பின மிளகாகிய ‘பன்னியூர்-1’ அங்கேதான் உருவாயிற்று. அதே கண்ணூர் நகரம் கைத்தறிக்கும் பெயர் பெற்றது. பாசல் மிஷனார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே நெசவாலை அமைத்தனர். திரைச்சீலை, விரிப்பு முதலிய வீட்டுத் துணிகளில் கண்ணூர் நெசவாளர் தமக்கென ஒரு சந்தையைத் தேடிக்கொண்டனர். அத்துணிகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் இடையில் வடகரை இருக்கிறது. அதன் பக்கத்தில் 1925ஆம் ஆண்டில் தோன்றிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், சாலையும் பாலமும் கட்டும் தொழிலாளரே முதலாளிகளாக இருந்து நடத்துவது, நூறாண்டு கண்டது. கோழிக்கோட்டில் மத்திய அரசாங்கத்தின் நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோழிக்கோடு, வடகரை, கண்ணூர் ஆகிய மூன்றும் ஒரே கடற்கரைச் சாலையிலும் ஒரே ரயில் பாதையிலும் அடுத்தடுத்து அமைந்தவை.

விவசாயிகள் பன்னியூருக்கு ஒருமுறை, நெசவாளர் கண்ணூருக்கு ஒருமுறை, நிர்வாகக் குழுவினர் வடகரைக்கு ஒருமுறை என்று தனித்தனியே போவது இயல்பாக நடக்கக்கூடியது. மூன்றையும் ஒன்றாக்கினால் என்ன? மூன்று நெடும்பிரயாணம் ஒன்றாகச் சுருங்குகிறது. எண்ணெயைச் சேமிக்கும் முதல் வழி இதுவே. வண்டியைப் பற்றிய யோசனை இதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

இனி வண்டியைப் பற்றிக் கணக்கிடுவோம். செம்மேட்டிலிருந்து நாமக்கல், கோயம்புத்தூர், பாலக்காடு, கோழிக்கோடு வழியாகக் கண்ணூர் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். போகவர 1,000 கிலோமீட்டர் என்று கொள்வோம். போகிறவர்கள் 40 பேர். ஒரு காரில் ஓட்டுநர் நீங்கலாக 4 பேர் அமரலாம்; ஆகவே 10 கார் வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 10 காருக்கும் 667 லிட்டர் டீசல் ஆகும். வெளிப்படும் கரியமில வாயு 1,800 கிலோ; ஆளுக்கு 45 கிலோ. அதே 40 பேர் தனி பஸ் ஒன்றை அமர்த்திக்கொண்டால், லிட்டருக்கு 4 கிலோமீட்டராக 250 லிட்டர் போதும். வாயு 675 கிலோ. ஆளுக்கு 17 கிலோ. அந்த 40 பேரும் அரசு பஸ்களில் மற்றப் பிரயாணிகளோடு சேர்ந்து போனால், 50 பேர் அமர்ந்த பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டு, ஒருவர் பங்கு 11 கிலோ அளவில் நிற்கும். காரவள்ளிக்கும் செம்மேட்டுக்கும் இடையிலுள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எந்த வண்டியும் கூடுதலாகவே எண்ணெய் குடிக்கும். ஆயினும், அது எல்லா வண்டிக்கும் பொதுவாதலால் ஒப்பீடு பெரிதும் மாறாது.

இக்கணக்கைக் கண்டு, ‘பஸ் என்றாலே சிக்கனம்’ என்று முடிவு கட்டிவிடலாகாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தனி பஸ்ஸில் 40 பேருக்குப் பதிலாக 20 பேர் மட்டும் வந்தால், ஆளுக்கு 34 கிலோ ஆகிறது. 15 பேர் வந்தால் 45 கிலோ. அதாவது, நால்வர் அமர்ந்த காரில் போனதும் அதுவும் ஒன்றே. 12 பேர் என்றால் காரே மேல் என்றாகிவிடும். பெயர் கொடுத்த 40 பேரில் பாதிப் பேர் கடைசி நேரத்தில் நின்றுவிடுவதும், அமர்த்திய பஸ் பாதி காலியாகவே புறப்படுவதும் சுற்றுலாக்களில் காணாத காட்சி அல்ல. வெறும் ஆசனங்களைச் சுமந்துகொண்டு 1,000 கிலோமீட்டர் ஓடும் பஸ், பணத்தையும் எரிக்கிறது; காற்றையும் கெடுக்கிறது. ஆகவே, சிக்கனம் வண்டியின் பெயரில் இல்லை. நிரம்பிய ஆசனத்தில் இருக்கிறது.

ஆசனத்தை நிரப்புவது எப்படி? மலையிலுள்ள ஒரு சங்கத்தில் நெடும்பிரயாணத்துக்கு இசைபவர் 20 பேருக்கு மேல் கிடைப்பது அரிது. பெண்கள் வீட்டையும் மாட்டையும் விட்டு வர வேண்டும், முதியவர்கள் தயங்குவர். ராசிபுரத்து நெசவாளர் சங்கத்திலும் அவ்வாறே 20 பேர் கிடைக்கலாம். இரண்டு சங்கமும் தனித்தனியே பஸ் அமர்த்தினால் ஆளுக்கு 34 கிலோ. ஒரே பஸ்ஸில் போனால் 17 கிலோ. வாடகையும் பாதியாகும். மலையிலிருந்து இறங்கும் வண்டி ராசிபுரத்தில் நெசவாளரை ஏற்றிக்கொள்வதில் தடை ஒன்றும் இல்லை. தடையெல்லாம் நம் வழக்கத்தில்தான் இருக்கிறது. விவசாயிகள் சங்கம் வேறு, நெசவாளர் சங்கம் வேறு, அதன் பதிவேடு வேறு, இதன் தீர்மானம் வேறு என்று நினைத்துப் பழகிவிட்டோம். செலவை ஆள் எண்ணிக்கைப்படி பகிர்ந்துகொள்வதாக இரு குழுக்களும் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றி, ரசீதின் நகலை இரு பதிவேடுகளிலும் சேர்த்துவிட்டால், தணிக்கைக்கும் இடையூறு இராது.

அரசு பஸ்ஸில் போவதே எல்லாவற்றிலும் சிறந்தது என்று கணக்குச் சொல்கிறது. அதற்கு மற்றொரு நியாயமும் உண்டு. மலைக்கு வரும் பஸ், மலையின் உயிர். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையும், பிரசவத்துக்கு இறங்கும் பெண்ணும், அன்னாசியும் பலாவும் கொண்டு சந்தைக்குப் போகும் குடியானவனும் அதையே நம்பியிருக்கின்றனர். வசூல் குறைந்த தடத்தில் நடைகள் குறைவது எங்கும் உள்ள வழக்கம். கையில் காசுள்ளவர்களும் சங்கங்களும் பஸ்ஸைக் கைவிட்டுக் காருக்கு மாறினால், எஞ்சுவது ஏழைகளின் கூட்டம் மட்டுமே. அவர்களுக்காக மட்டும் மாலை நடை எத்தனை காலம் மலையேறும்? நாம் வாங்கும் 40 டிக்கட்டும் அந்த நடைக்கு நாம் கொடுக்கும் ஆதரவு என்பதை மறக்கலாகாது.

ஆனால், அந்த ஆதரவே உபத்திரவமாகிவிடவும் கூடாது. ஒரு காலைப் பஸ்ஸில் 40 பேர் திடீரென ஏறினால், நாள்தோறும் அதில் போகிறவர்களுக்கு நிற்கவும் இடம் இராது. ஆகவே, இருபதிருபது பேராகப் பிரிந்து இரண்டு நடைகளில் இறங்குதல் நலம். சந்தை நாளையும் முகூர்த்த நாளையும் தவிர்க்க வேண்டும். பஸ் டெப்போவின் கிளை மேலாளருக்குப் பதினைந்து நாள் முன்பே கடிதம் எழுதி, முடிந்தால் கூடுதல் நடை ஒன்று கேட்கலாம். மலையிலிருந்து சேலத்துக்கு பஸ். சேலத்திலிருந்து கண்ணூருக்கு ரயில். அங்கிருந்து தளிப்பரம்புக்கும் பன்னியூருக்கும் உள்ளூர் பஸ் என்று வழியை வகுத்துக்கொள்ளலாம். ரயிலில் 60 நாள் முன்பிருந்தே இடம் பதியலாம் என்பதால், பெயர்ப் பட்டியலை அதற்குள் முடிவாக்கிவிட வேண்டும். பெயர் கொடுத்தவரிடம் ஒரு சிறு தொகையை முன்பணமாகப் பெற்றுக்கொண்டால், கடைசி நேரத்தில் நிற்பவர் குறைவர். நின்றாலும் பதிலாளைச் சேர்க்க அவகாசம் இருக்கும்.

காலத்தையும் தொழிலோடு பொருத்த வேண்டும். காப்பிப் பழமும் மிளகும் பறித்து உலர்த்தி முடித்த பிறகு, கேரளத்தில் பெருமழை தொடங்குவதற்கு முன், சில வாரங்கள் இடைவெளி கிடைக்கும். நெசவாளருக்கும் கேட்பு மந்தமான வாரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். ‘மலையாளி’ என்பது நம் மலை மக்களின் குலப்பெயரே தவிர, அவர்கள் பேசுவது தமிழ்தான். ஆகவே, மலையாளம் அறிந்த ஒருவரைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டால், பஸ் நிலையத்தில் வழி கேட்பதிலிருந்து ஆராய்ச்சி நிலையத்தில் ஐயம் கேட்பது வரையில் எல்லாம் எளிதாகும். பன்னியூரில் நாற்றைக் கண்டதும் கை நிறைய வாங்கி வரும் ஆசை எழும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் நாற்றுப் பைகளுக்கு இடமில்லை என்பது ஒரு புறம். மண்ணோடு நோயும் பிரயாணம் செய்யும் என்பது மறு புறம். வேண்டிய ரகத்தைக் குறித்துக்கொண்டு வந்து, சங்கத்தின் மூலம் நோயற்ற நாற்றுகளை ஒரே லாரியில் தருவித்தல் சிறந்தது.

தனி பஸ்தான் அமர்த்த வேண்டும் என்றாலும் சிலவற்றைக் கவனிக்கலாம். மாநில எல்லையைக் கடக்க அனுமதியும் வரியும் சரியாக உள்ளனவா, புகைச் சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரங்களில் காற்றுக் குறைந்திருந்தால் எண்ணெய்ச் செலவு கூடும். உணவுக்கு நிறுத்தும் இடத்தில் எஞ்சினையும் நிறுத்தும்படி ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். வேகமாகப் போய் ஒரு மணி நேரம் மீத்துக்கொள்வதைவிட, ஒரே சீராகப் போவது எண்ணெய்க்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

கார் அறவே கூடாது என்று நாம் கூறவில்லை. நோயாளிக்கும், கர்ப்பிணிக்கும், நடை தளர்ந்த முதியவருக்கும் கார்தான் தக்கது. அங்கே கரியமில வாயுவின் கணக்குப் பேசுவது மனிதத் தன்மை ஆகாது. பஸ்ஸில் போவதால் அரை நாள் கூடுதலாகும் என்பதும், மகளிருக்குக் கழிப்பிட வசதி எல்லா நிறுத்தங்களிலும் இராது என்பதும் உண்மையே. கழிப்பிடம் உள்ள நிலையங்களை முன்பே விசாரித்து அங்கே இறங்கிப் போகத் திட்டமிட்டால், இரண்டாவது குறை பெரிதும் தீரும். முதற்குறையை நாம் குறையாகவே கருதவில்லை. பத்துக் கார்களில் பிரிந்து போகிறவர்கள் பத்துக் கூட்டமாகவே திரும்புகின்றனர். ஒரே பஸ்ஸில் போகிறவர்களோ, நெசவாளி விவசாயியிடம் மிளகு விலையைக் கேட்கவும், விவசாயி நெசவாளியிடம் நூல் விலையைக் கேட்கவும், அந்த அரை நாளில் இடம் பெறுகின்றனர். கல்விச் சுற்றுலாவில் அதுவும் ஒரு பாடமே.

உலகக் கூட்டுறவு ஒன்றியம் 1995ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் கூடி ஏழு கொள்கைகளை வகுத்தது. அவற்றுள் ஆறாவது, சங்கங்களுக்கிடையே கூட்டுறவு. ஏழாவது, சமுதாயத்தின்பால் அக்கறை. ஆண்டுக்கொருமுறை கூட்டுறவு வார விழாவில் இவற்றைப் பலகையில் எழுதித் தொங்கவிடுகிறோம். இரு சங்கத்தார் ஒரு பஸ்ஸை நிரப்பிக்கொண்டு புறப்படுவது ஆறாவது கொள்கையைக் கைக்கொள்வதாகும். அதனால் மீந்த நானூறு லிட்டர் எண்ணெய் எரியாமல் நிற்பது ஏழாவது கொள்கையைக் கைக்கொள்வதாகும். நானூறு லிட்டரால் உலகம் குளிர்ந்துவிடுமா என்று கேட்டால், விடாது என்பதே விடை. ஒரு பிடி அரிசியால் பஞ்சம் தீராது. ஆயினும் பிடியரிசிக் கலயத்தை அறிந்த குடும்பங்கள், சிறுதுளியின் பெருமையை அறிவார்கள்.

வரும் ஆண்டுக்கான சுற்றுலாவைப் பற்றி நிர்வாகக் குழுக்கள் கூடும்போது, பொருள் நிரலில் மூன்று கேள்விகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எந்தச் சங்கத்தோடு சேர்ந்து போவது? எத்தனை ஆசனம் நிரம்பும்? அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் எவ்வளவு தூரம் போகலாம்? இம்மூன்றுக்கும் விடை எழுதிய பிறகு வண்டிக்குச் சொல்லி அனுப்பலாம்.